கோடு பார்க்க உட்கார்ந்தவள்

முதலிலேயே ஒன்றை ஒப்புக்கொண்டு விடுகிறேன். முப்பத்தைந்து வருஷம் கணக்கு டீச்சராக இருந்தவள் நான். அரை மார்க்குக்காகக் கண்ணீர் விட்ட பிள்ளைகளிடம்கூட மனம் இளகாமல், சரி என்றால் சரி, தப்பு என்றால் தப்பு என்று சிவப்பு மையில் கிழித்தவள். அப்படிப்பட்ட நான், தூத்துக்குடி ஊரே கூடியிருந்த ஒரு சாயங்காலத்தில், “உள்ளேயா, வெளியேயா” என்ற ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல் நின்றேன். சும்மா நின்றிருந்தாலாவது பரவாயில்லை. வாயைத் திறந்து வேறு எதையோ சொன்னேன். அது மைக்கிலும் ஒலித்தது.

எழுபதுகளின் நடுப்பகுதி. புதுத் துறைமுகம் வந்திருந்த சமயம். எனக்கு இருபத்துநாலு வயது. சொந்த ஊர் நாசரேத். தூத்துக்குடியில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்து, செல்லத்துரை சித்தப்பா வீட்டில் தங்கியிருந்தேன். சித்தப்பா ஒரு கப்பல் ஏஜென்சியில் மேனேஜர். அதைவிட முக்கியம், கடலோரத்தில் இருந்த கிளப்புக்கு அவர்தான் செயலாளர். அந்தக் கிளப்பில், வெள்ளைக்காரர்கள் போட்டுவிட்டுப் போன ஒரு புல்தரை டென்னிஸ் மைதானம் இருந்தது.

இதன் அருமை வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. தூத்துக்குடியைச் சுற்றி உப்பளம். கிணற்றுத் தண்ணீரில் காபி போட்டால் உப்புக் காபி. முருங்கையும் உடைமரமும் தவிர வேறெதுவும் மனமுவந்து வளராது. அந்த ஊரில், ஆற்றுத் தண்ணீரை லாரியில் கொண்டுவந்து ஊற்றி, பச்சைப் பட்டை விரித்துப் போட்ட மாதிரி ஒரு புல்தரை. அதை அப்படி வைத்திருந்தவள் மாப்பிள்ளையூரணியிலிருந்து தினமும் நடந்து வரும் இசக்கியம்மாள். நாற்பது வயதிருக்கும். உட்கார்ந்த வாக்கில் மைதானம் முழுக்க நகர்ந்து நகர்ந்து கோரையை ஒவ்வொன்றாகப் பிடுங்குவாள். கோடுகளுக்குச் சுண்ணாம்பு போடுவதும் அவள்தான். மெம்பர்கள் செருப்போடு உள்ளே கால் வைத்தால், “அய்யா, அது புல்லு. மிதியடி இல்ல” என்பாள். கலெக்டரிடமே ஒரு தடவை சொல்லிவிட்டாள் என்று பேச்சு.

அந்த வருஷம் தை மாதம், கல்கத்தாவிலும் மெட்ராஸிலும் ஆடி முடித்த ஆட்டக்காரர்கள் எங்கள் ஊரிலும் ஒரு வாரம் ஆட வருகிறார்கள் என்று முடிவானது. ஆண்கள், பெண்கள் இரண்டு பிரிவும் உண்டு. எல்லோரும் டென்னிஸ் ஆடுவதையே பிழைப்பாக வைத்திருப்பவர்கள். (“ஆடுறதே வேலையா? வேற சோலியே கிடையாதா?” என்று சித்தி நம்பாமல் மூன்று தடவை கேட்டாள்.)

மெட்ராஸிலிருந்து வந்த அதிகாரி, கோடு பார்க்க நல்ல கண்பார்வையும் கொஞ்சம் இங்கிலீஷும் உள்ள பத்துப் பேர் வேண்டும் என்றார். கிளப் மெம்பர்களுக்குப் பந்தலுக்கு அடியில் உட்கார்ந்து மக்ரூன் தின்றுகொண்டே பார்க்கத்தான் ஆசை. வெயிலில் கோட்டை முறைத்துக்கொண்டு உட்கார யாரும் தயாராக இல்லை. ஆள் குறைந்தது. சித்தப்பா தயங்கவே இல்லை.

“எங்க அண்ணன் மக ஒருத்தி இருக்கா சார். கணக்கு டீச்சர். கோடு போடுறதே அவ தொழில்தான்” என்று சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து என்னிடம், “ஏளா எஸ்தர், சனிக்கிழமைக்குள்ள டென்னிஸ் படிச்சிரு” என்றார்.

படித்தேன். எனக்கு எதையும் படிக்கத்தான் தெரியும். விதிப் புத்தகத்தை வாங்கி ஒரே வாரத்தில் மனப்பாடம் செய்தேன். பந்து கோட்டில் ஒரு நூலளவு பட்டாலும் அது உள்ளே. வெளியே விழுந்தால் உடனே, சத்தமாக, “அவுட்.” உள்ளே என்றால் பேசக்கூடாது. இரண்டு உள்ளங்கையையும் தரையைப் பார்த்துக் கவிழ்த்துக் காட்ட வேண்டும். பார்க்க முடியாமல் போய்விட்டால் கண்களைக் கையால் மூடிக் காட்ட வேண்டும். இந்தக் கடைசி விதியைப் படித்தபோது, ‘இப்படியும் ஒரு மடையன் இருப்பானா, கோட்டைப் பார்க்க உட்கார்ந்துவிட்டு’ என்று சிரித்தது நன்றாக நினைவிருக்கிறது.

முதல் நாள். வெள்ளைச் சேலை, கான்வாஸ் ஷூ, தலையில் பனையோலைத் தொப்பி. என்னைப் பார்த்த சித்தி, “மேல ஞானஸ்நானம், கீழ டிரில் மாஸ்டர்” என்றாள். நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒரு நாற்காலியில், முதுகை நேராக வைத்து, என் பக்கக்கோட்டின் நுனியில் உட்கார்ந்தேன்.

ஆண்கள் ஆட்டம் ஆரம்பித்தது. முதல் சர்வீஸ் போட்டதும் நான் நாற்காலியோடு பின்னால் சாய்ந்தேன். அதுவரை நான் பார்த்த டென்னிஸ், கிளப்பில் டாக்டரும் வக்கீலும் ஆடுவதுதான். அதில் பந்து ஒரு பக்கத்திலிருந்து கிளம்பி மறுபக்கம் வந்து சேர்வதற்குள் குடும்ப விஷயம் இரண்டு பேசிவிடலாம். இது அப்படியில்லை. வேட்டுப் போட்ட மாதிரி ஒரு சத்தம். பிறகு பின்னாலிருந்த கான்வாஸ் திரை பொத்தென்று உள்வாங்கியது. நடுவில் பந்து என்று ஒன்று போனதாக நாங்கள் நம்பிக்கொள்ள வேண்டியதுதான். மதில்மேல் ஏறி உட்கார்ந்திருந்த மீன்பிடித் துறைமுகத்து ஆட்கள், கப்பலிலிருந்து லீவில் இறங்கி வந்த மாலுமிகள், பள்ளிக்கூடத்து ஃபாதர், யாரும் மூச்சு விடவில்லை. “யம்மா, மனுசன் கையா இது” என்று மதில்மேலிருந்து ஒருவர் மெதுவாகச் சொன்னது மைதானம் முழுக்கக் கேட்டது.

இரண்டாம் நாள் ஆறரை அடி உயர வெளிநாட்டுக்காரர் ஒருவர் அடித்த பந்தை நான் “அவுட்” என்றேன். அவர் திரும்பி என்னைப் பார்த்தார். நிதானமாக நடந்து வந்து, என் முன்னால் நின்று, இன்னும் பார்த்தார். எனக்கு உள்ளங்கால்வரை வேர்த்தது. ஆனாலும் ஒன்பதாம் வகுப்பை முறைக்கும் அதே பார்வையால் திருப்பி முறைத்தேன். அவர் கீழே குனிந்து பந்து பட்ட தடத்தைப் பார்த்தார். தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். பந்தலில் கைதட்டல். மெட்ராஸ் அதிகாரியே அன்று சாயங்காலம் சித்தப்பாவிடம், “உங்க பொண்ணுக்கு நல்ல கண்” என்று சொல்லிவிட்டார்.

அதோடு என் தலை தொப்பிக்குள் அடங்கவில்லை. பெண்கள் இறுதி ஆட்டத்துக்கும் என்னையே பக்கக்கோட்டுக்குப் போட்டார்கள். அன்று வீட்டைவிட்டுக் கிளம்பும்போது சித்தியிடம், “இண்ணைக்கு ரெண்டு பேர் தலையெழுத்து என் கையில” என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன். (யாரும் என்னைச் சொல்லச் சொல்லவில்லை. நானாகத்தான் சொன்னேன்.)

இறுதி ஆட்டத்தில் ஒரு பக்கம் ஷெரில். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த பத்தொன்பது வயதுப் பெண். வாரம் முழுக்க எல்லோரையும் ஒரு மணி நேரத்துக்குள் முடித்து அனுப்பியவள். மறுபக்கம் மாலதி. பெங்களூர்க்காரர், மெட்ராஸில் படித்தவர். முப்பத்தாறு வயது, இரண்டு குழந்தைகள். வலது முழங்காலில் ஒரு கட்டு. இதுதான் அவர் ஆடும் கடைசி வருஷம் என்று பேசிக்கொண்டார்கள். இதற்குமுன் நான்கு ஊர்களில் இறுதிவரை வந்து நான்கிலும் தோற்றவராம்.

எங்கள் ஊர்ப் பெண்கள் அன்று நிறையப் பேர் வந்திருந்தார்கள். முழங்கால் தெரிய வெள்ளைப் பாவாடை போட்ட, இரண்டு பிள்ளை பெற்ற ஒருத்தியைப் பார்த்து முதலில் ஒரு சலசலப்பு எழுந்தது. மாலதி நாலு பந்து அடித்ததும் அது அடங்கிவிட்டது. அவர் பலமாக அடிக்கவில்லை. பந்தை எங்கே வைக்க வேண்டுமோ அங்கே கொண்டுபோய் வைத்தார். ஷெரில் ஓடினாள். இந்தப் பக்கம் வந்தால் பந்து அந்தப் பக்கம். கிட்டே வந்தால் தலைக்கு மேலே. அந்த முழங்காலை வைத்துக்கொண்டு அவர் புல்லில் நடந்ததைப் பார்த்தால், இசக்கியம்மாள் பிடுங்காமல் விட்ட ஒவ்வொரு புல்லையும் அவருக்குப் பெயர் சொல்லித் தெரியும் போலிருந்தது. நான் என் கோட்டைப் பார்த்தேன். சத்தியமாகப் பார்த்தேன். ஆனால் நடுநடுவே கண் தானாக மேலே போனது.

ஆளுக்கு ஒரு செட். மூன்றாவது செட்டில் மாலதி ஐந்துக்கு நான்கு. அந்த ஆட்டத்திலும் நாற்பதுக்கு முப்பது. இன்னும் ஒரே ஒரு பாயின்ட் எடுத்தால் கோப்பை அவருக்கு. கடல்காற்று நின்றுவிட்டது. மேற்கே வெயில் சரிந்து, உயரமான நாற்காலியில் இருந்த அம்பயரின் முகத்தில் நேராக அடித்தது. அவர் பாளையங்கோட்டையில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். பழைய துறைமுகத்தில் ஏதோ ஒரு கப்பல் ஊதியது. அது முடியும்வரை எல்லோரும் காத்திருந்தோம்.

மாலதி சர்வீஸ் போட்டார். நாலைந்து அடி போனது. ஷெரில் மூலையைப் பார்த்து ஓர் அடி அடித்துவிட்டு வலைக்கு ஓடி வந்தாள். பந்து மைதானத்தைவிட்டே வெளியே போகிற கோணம். முடிந்தது என்றுதான் நினைத்தோம். மாலதி ஓடினார். கோட்டைத் தாண்டி, பூந்தொட்டிகள் வரை ஓடி, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் அந்தப் பந்தை எட்டிப் பிடித்து, முழு உடம்பையும் ஒரு வளையமாக்கி அடித்தார். அடித்த வேகத்தில் கட்டுப்போட்ட முழங்கால் மடங்கி, குப்புற விழுந்தார். பந்து ஷெரிலைத் தாண்டி, நேராக என் கோட்டை நோக்கி வளைந்து வந்தது.

அது என் கோடு. பத்தடியில் இருக்கும் என் கோடு. அதற்காகத்தான் என்னை உட்கார வைத்திருந்தார்கள்.

நான் மாலதியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். புல்லில் விழுந்து கிடந்த அந்த அம்மாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மனுஷி அப்படி ஓட முடியும், அப்படி அடிக்க முடியும் என்பதே எனக்கு அதுவரை தெரியாது. பந்து எங்கோ பொத்தென்று விழுந்த சத்தம் மட்டும் கேட்டது.

ஷெரில் திரும்பி என்னைப் பார்த்தாள். மாலதி கையை ஊன்றி எழுந்து என்னைப் பார்த்தார். மதில், பந்தல், மாலுமிகள், ஃபாதர், எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அம்பயருக்கு வெயிலில் கண் கூசியது. பின்கோட்டைப் பார்க்க உட்கார்ந்திருந்த ஒரு பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டரைப் பார்த்தார். “அது என் கோடு இல்ல சார்” என்றார் அவர், தாலுகா ஆபீஸ் கிளார்க் மாதிரி.

“லைன், யுவர் கால் ப்ளீஸ்” என்றது மைக். (கல்யாண வீட்டு மைக் செட். காதைக் கிழிக்கும்.)

நான் எழுந்து நின்றேன். இரண்டு கையும் கன்னத்தில் இருந்தன. விதிப் புத்தகத்தில் கன்னத்தில் கை வைப்பதற்கு அர்த்தம் எதுவும் கிடையாது. கண்ணை மூடிக் காட்டியிருக்க வேண்டும். ஒரு வாரம் மனப்பாடம் செய்த புத்தகத்தில் ஒரு வரி நினைவுக்கு வரவில்லை. வாயைத் திறந்தேன்.

“ரொம்ப அழகா இருந்துச்சு சார்.”

பேராசிரியர் முப்பது வருஷம் வகுப்பு நடத்தியவர். மாணவர் தமிழில் சொன்னால் அதை ஆங்கிலத்தில் திருப்பிச் சொல்லும் பழக்கம் விடவில்லை. மைக்கில் சொன்னார்: “த லைன் ஸேஸ் இட் வாஸ் வெரி பியூட்டிஃபுல்.”

முதலில் மாலுமிகள் சிரித்தார்கள். பிறகு மதில் சிரித்தது. பிறகு ஊரே சிரித்தது. பந்தலில் சித்தப்பா மட்டும் சிரிக்கவில்லை. கையில் இருந்த மக்ரூனைத் தட்டில் திருப்பி வைத்ததைப் பார்த்தேன். கோட்டைத் தவிர மற்ற எல்லாமே அன்று என் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்தன.

மெட்ராஸ் அதிகாரி ஓடி வந்தார். மூன்று பேர் பேசினார்கள். யாரும் பார்க்கவில்லை, அன்று விழுந்த தடங்களில் இது எது என்றும் தெரியவில்லை என்பதால் அந்தப் பாயின்டைத் திரும்ப ஆடச் சொன்னார்கள். என்னை விலக்கிவிட்டு அந்த இடத்தில் ஒரு சுங்க அதிகாரியை உட்கார வைத்தார்கள்.

திரும்ப ஆடிய பாயின்டில் மாலதியின் பந்து வலையில் பட்டது. அடுத்த இரண்டும் போயின. விழுந்ததில் முழங்கால் வீங்கியிருந்தது. ஐந்துக்கு ஐந்து. பிறகு ஆறு. பிறகு ஏழு. கோப்பையை ஷெரில் வாங்கினாள். மாலதி அவள் கையைக் குலுக்கி, நெற்றியில் முத்தம் கொடுத்துவிட்டு நொண்டிக்கொண்டே போனார். நான் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்றுகொண்டு, தொப்பியை முகத்தில் வைத்து அழுதேன்.

சித்தப்பா தேடி வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். “போயி அந்த அம்மாட்ட மன்னிப்புக் கேளு. அழுது முடிச்சிட்டுப் போ, இல்லேன்னா அவங்க ஒனக்கு ஆறுதல் சொல்ல வேண்டியதாப் போயிரும்” என்றார்.

கிளப் வராந்தாவில் மாலதி தனியாக உட்கார்ந்திருந்தார். மீன் லோடுக்கு ஐஸ் போடும் ஃபேக்டரியிலிருந்து கொண்டுவந்த ஐஸ்கட்டிகளை ஒரு வாளியில் போட்டு, முழங்கால்வரை காலை அதில் விட்டிருந்தார். வராந்தா முழுக்கச் சாளை மீன் வாடை.

“நீங்கதானே அந்த லைன்?” என்றார்.

“ஆமா மேடம். நான் கோட்டைப் பார்க்கல.”

“பின்ன எதைப் பார்த்தீங்க?”

“உங்களை.”

அவர் வாளியில் காலை அசைத்தார். ஐஸ் கடகடத்தது.

“சரி, சொல்லுங்க. எப்படி இருந்தது? நான் அடிச்சதும் குப்புற விழுந்துட்டேன். எனக்கு ஒண்ணுமே தெரியல.”

நான் சொன்னேன். பூந்தொட்டிவரை ஓடியதை, பந்து ஒரு சாண் உயரத்தில் இருந்ததை, தோள் திரும்பியதை, எழுந்து நின்று கையை வீசிக் காட்டியே சொன்னேன். அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கேட்டார். “இடது கால் முன்னாடி இருந்ததா?” என்று ஒரு தடவை கேட்டார். இருந்தது என்றேன். திருப்தியாகத் தலையாட்டினார்.

பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: “அழாதீங்க. அது அவுட்தான். நாலு விரல் வெளியே. நானே பார்த்தேன்.”

என் மேலிருந்து ஒரு கப்பல் இறங்கியது போலிருந்தது. அவர் காரில் ஏறிப் போகும்வரை நின்று கையாட்டினேன். திரும்பி வரும்போது இசக்கியம்மாள் மைதானத்தில் உட்கார்ந்து, மாலதி விழுந்து புல் பெயர்ந்த இடத்தைக் கையால் அமுக்கிக்கொண்டிருந்தாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. “இசக்கி, அது அவுட்டாம். அந்த அம்மாவே சொல்லிட்டாங்க” என்றேன்.

அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “அவுட்டாவது ஒண்ணாவது. கோட்டு மேலதான் விழுந்துச்சு டீச்சர். சுண்ணாம்பு புகையா எந்திரிச்சுதே, நான் தண்ணித் தொட்டிகிட்ட இருந்து பாத்தேன்லா. இந்தா, வந்து பாருங்க.”

பார்த்தேன். என் கோட்டில், நட்ட நடுவில், ஒரு ரூபாய் அகலத்துக்குச் சுண்ணாம்பு அழிந்து பச்சை தெரிந்தது.

“அப்பவே ஏன் சொல்லல?”

“எங்கிட்ட யாரு கேட்டா? ஒங்ககிட்டதான கேட்டாவ.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. குப்புற விழுந்துட்டேன், ஒண்ணுமே தெரியலன்னு சொன்னவர், நாலு விரலை எப்படிப் பார்த்திருப்பார்? அந்த இடத்திலேயே புல்லில் உட்கார்ந்துவிட்டேன். கடைசி வருஷக் கோப்பையை இழந்துவிட்டு, சாளை வாடை அடிக்கும் வாளியில் காலை வைத்துக்கொண்டு, முன்னே பின்னே தெரியாத ஒருத்தி ராத்திரி தூங்க வேண்டுமே என்று ஒருவர் பொய் சொல்லியிருக்கிறார். அந்த ஓட்டத்தையும் அடியையும் பார்த்து வாய் பிளந்தேன் என்றேன் அல்லவா, அது அந்தப் பொய்க்கு முன்னால் ஒன்றுமில்லை. பெங்களூருக்கு ஒரு கடிதம் எழுதினேன், உண்மையைச் சொல்லி. ஒரு வரியில் பதில் வந்தது: “நான் ஆடியவள், எனக்குத் தெரியாதா? அவுட்தான்.”

இசக்கி சொன்னதையும் அந்தக் கடிதத்தையும் நான் ரொம்ப நாள் யாரிடமும் சொல்லவில்லை. ஊருக்கு அது தேவைப்படவும் இல்லை. மைக்கில் வந்ததே போதுமானதாக இருந்தது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கணக்குத் தப்பானால், “ஆனா அழகா இருக்குல்லா டீச்சர்” என்று நோட்டை நீட்டினார்கள். என் கல்யாணத்தில் சித்தப்பா வாழ்த்துரை என்ற பெயரில் முழுக்கதையையும் நடித்தே காட்டினார். பேராசிரியரின் ஆங்கிலத்துக்கு மட்டும் குரலை மாற்றினார். மாப்பிள்ளை வீட்டார் விழுந்து விழுந்து சிரித்தார்கள். என் வீட்டுக்காரர் அன்றைக்குப் பிடித்துக்கொண்டதை நாற்பது வருஷமாக விடவில்லை. குழம்பில் உப்பு சரியா என்று கேட்டால், “ரொம்ப அழகா இருந்துச்சு சார்” என்பார். உப்பே போடவில்லை என்று அதற்கு அர்த்தம்.

இப்போது டிவியில் பெரிய ஆட்டங்களில் கோடு பார்க்க ஆட்களே இல்லை. மிஷின்தான் சொல்கிறது. “உலகம் பூரா ஆளத் தூக்கிட்டு மிஷின வச்சிட்டான். எங்க அம்மா செஞ்ச வேலைதான்” என்று என் மகன் வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறான். பந்து கோட்டுக்குப் பக்கத்தில் விழுந்தால் போதும், எங்கள் வீட்டில் யாரும் டிவியைப் பார்ப்பதில்லை. பேரப்பிள்ளைகள் உட்பட மொத்தப் பேரும் என் பக்கம் திரும்பிக்கொண்டு, நான் என் தீர்ப்பைச் சொல்லும்வரை காத்திருப்பார்கள். நானும் எழுந்து நின்று, கன்னத்தில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு சொல்லிவிட்டுத்தான் உட்காருவேன்.